கரண்ட் வந்ததும் பில்லிங் தானாகத் திறக்க: கடைக் கணினிக்கு முழுமையான வழிகாட்டி

மதுரை மாசி வீதிகளில் மளிகை மொத்தக் கடையோ, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடையோ, எங்கே போனாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கரண்ட் போய் வந்தால் பில்லிங் தானாகத் திறக்குமா?" திறக்கும். ஆனால் இந்த வேலையைப் புதிதாகச் செய்பவர்கள் நேராக ஸ்டார்ட்அப் ஃபோல்டருக்கு (லாகின் ஆனதும் தானாகத் திறக்க வேண்டியவற்றை வைக்கும் இடம்) போய் ஒரு ஷார்ட்கட்டைப் போட்டுவிட்டு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். அடுத்த முறை கரண்ட் போய் வந்தால் கணினியே ஆன் ஆகாது. அப்படியே ஆன் ஆகிவிட்டாலும் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அதையும் தாண்டினால் பில்லிங் திறந்து "சர்வர் கிடைக்கவில்லை" என்று சொல்லும்.

காரணம், ஷார்ட்கட் என்பது கடைசிப் படி. அதற்கு முன்னால் யுபிஎஸ், பயாஸ், லாகின், நெட்வொர்க் என்று நான்கு இருக்கின்றன. கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். ஒரு படி சரியாக ஓடுகிறது என்று பார்த்த பிறகே அடுத்ததில் கை வையுங்கள். ஐந்தையும் மாற்றிவிட்டு ஒரேயடியாகச் சோதித்தால் எது தடுக்கிறது என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும்.

இது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். மெனுப் பெயர்கள் திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். இங்கே உள்ள ஒலிப்பை வைத்துத் தேடிக்கொள்ளுங்கள்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு வேண்டும். தினமும் போடுகிற நான்கு இலக்கப் பின் எண் இல்லை, உண்மையான பாஸ்வேர்டு. பல கடைகளில் அதை வைத்தவர் வேலையை விட்டே போயிருப்பார். அதைத் தெரிந்துகொள்ளாமல் ஆரம்பித்தால் நான்காவது படியில் மாட்டிக்கொள்வீர்கள்.

பில்லிங் டேட்டா எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதே கணினியிலா, மாடியில் இருக்கும் வேறு கணினியிலா, இல்லை இணையத்திலா? ஐந்தாவது படி முழுக்க இந்தப் பதிலை நம்பித்தான் இருக்கிறது.

பென்டிரைவில் ஒரு பேக்கப் எடுங்கள். கணினியைப் பலமுறை அணைத்து எழுப்பப் போகிறோம், டேட்டாவோடு விளையாடக் கூடாது.

நேரமும் முக்கியம். முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள் ஜவுளிக் கடையிலோ, விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டிலோ இந்த வேலையை எடுக்காதீர்கள். மதியம் கூட்டம் குறைந்த பிறகு உட்காருங்கள்.

2. யுபிஎஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் தொடாமலே விடுவது இதைத்தான். 600 விஏ யுபிஎஸ் ஒன்று, பேட்டரி புதிதாக இருந்தால், ஒரு கணினியைப் பத்து இருபது நிமிடம் தாங்கும். மாதப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். அதற்குள் பேட்டரி காலியாகி யுபிஎஸ் தானே அணைந்துவிடும்.

மறுபடி கரண்ட் வரும்போது யுபிஎஸ் தானாக ஆன் ஆகிறதா? சில மாடல்கள் ஆகும். சிலவற்றில் முன்பக்கப் பட்டனை யாராவது அழுத்தியாக வேண்டும். இரண்டாவது வகை என்றால் நீங்கள் கணினியில் என்ன மாற்றினாலும் பலன் இல்லை, கணினிக்கு மின்சாரமே போய்ச் சேராது.

சோதிப்பது சுலபம். கணினியை முறையாக ஷட்டவுன் செய்து, அதன் பிளக்கை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். யுபிஎஸ்ஸில் ஒரு பழைய குண்டு பல்பைப் போட்டு, சுவர் சுவிட்சை அணைத்து, பேட்டரி தீரும்வரை விடுங்கள். பிறகு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பல்பு தானாக எரிந்தால் நல்லது. எரியவில்லை என்றால் கடைக்காரரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்: நீண்ட மின்தடைக்குப் பிறகு யுபிஎஸ் பட்டனை மட்டும் அவர்தான் அழுத்த வேண்டும், மற்றது தானாக நடக்கும்.

3. பயாஸில் ஒரே ஒரு அமைப்பு

மின்சாரம் வந்ததும் என்ன செய்வது என்று கணினிக்குச் சொல்லும் இடம் பயாஸ். அசெம்பிள் செய்த கணினியில் பெரும்பாலும் டெலிட் கீ, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டார்ட் கொடுத்து, திரை கறுத்ததுமே அந்தக் கீயை விடாமல் தட்டுங்கள்.

உள்ளே இதன் பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல்லில் 'ஏசி ரெக்கவரி', எச்பியிலும் லெனோவோவிலும் 'ஆஃப்டர் பவர் லாஸ்', ஏசஸில் 'ரீஸ்டோர் ஏசி பவர் லாஸ்', கிகாபைட்டில் 'ஏசி பேக்'. பவர் என்ற சொல் உள்ள பக்கங்களில் தேடினால் கிடைத்துவிடும்.

மூன்று தேர்வுகள் இருக்கும். 'பவர் ஆஃப்' என்றால் கரண்ட் வந்தாலும் எழாது. பெரும்பாலும் கணினி இப்படித்தான் வருகிறது. 'பவர் ஆன்' என்றால் மின்சாரம் வந்ததுமே எழும். 'லாஸ்ட் ஸ்டேட்' என்றால் கரண்ட் போகும்போது ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் எழும்.

எதை வைப்பது? இரவில் ஷட்டவுன் செய்து பூட்டிப் போகும் கடைக்கு நான் 'லாஸ்ட் ஸ்டேட்' வைப்பேன். 'பவர் ஆன்' வைத்தால் நள்ளிரவில் கரண்ட் போய் வரும்போது பூட்டிய கடைக்குள் கணினி தனியாக எழுந்து விடியும்வரை ஓடும். ஆனால் காலையில் மெயின் சுவிட்சைப் போட்டதும் எல்லாம் தயாராக வேண்டும் என்று கேட்பவருக்கு 'பவர் ஆன்'தான் சரி. ஒன்றை மறக்க வேண்டாம்: ஷட்டவுன் ஆன கணினி 'பவர் ஆன்' அமைப்பால் எழ வேண்டுமென்றால் அதற்கு வரும் மின்சாரம் ஒருமுறை உண்மையிலேயே அறுபட்டு வர வேண்டும். இடையில் யுபிஎஸ் அணையாமல் தாங்கிக்கொண்டிருந்தால் கணினிக்குக் கரண்ட் போனதே தெரியாது, அப்படியே கிடக்கும்.

பூ மார்க்கெட் மாதிரி விடியுமுன்னே வேலை தொடங்கும் இடங்களில், குறிப்பிட்ட நேரத்தில் எழுப்பும் அமைப்பும் பல பயாஸ்களில் உண்டு. அது கரண்ட் இருந்தால் மட்டும் வேலை செய்யும். மடிக்கணினிகள் பலவற்றில் இந்தப் பவர் அமைப்பே கிடையாது. தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பயாஸை விட்டு வரும் முன் மேலே காட்டும் தேதியைப் பாருங்கள். ஏதோ பழைய ஆண்டைக் காட்டினால் போர்டில் உள்ள காசு வடிவப் பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032 வகைதான், எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும், உடனே மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கரண்ட் முழுதாகப் போய் வரும்போது நீங்கள் வைத்த அமைப்பு அழிந்து, "எஃப்1 அழுத்தவும்" என்று கணினி பாதியில் நிற்கும். அதை அழுத்தித் தாண்டினாலும் பில் தேதி தப்பாக விழலாம்.

4. லாகின்: பாஸ்வேர்டு திரையைத் தாண்டுவது

முதலில் கடைக்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: கணினி யாரும் தொடாமல் திறந்தால் பரவாயில்லையா? மளிகைக் கல்லாவுக்குப் பரவாயில்லை. தெற்கு ஆவணி மூல வீதி நகைக் கடைக்கோ, நோயாளிகளின் விவரம் உள்ள கிளினிக்குக்கோ நான் இதைச் செய்வதில்லை. அங்கே பாஸ்வேர்டை ஒருமுறை போடட்டும், அதன் பிறகு பில்லிங் தானாகத் திறக்கட்டும். அப்படி முடிவானால் இந்தப் படியை விட்டு ஐந்துக்குப் போகலாம்.

தானாக லாகின் ஆக வேண்டும் என்றால் அட்மின் கணக்கை அப்படித் திறந்து வைக்காதீர்கள். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'அதர் யூசர்ஸ்' போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, பாஸ்வேர்டும் வையுங்கள். கல்லாவில் கை வைப்பவர் அட்மின் அனுமதி கேட்கும் எதையும் இன்ஸ்டால் செய்யவோ அழிக்கவோ முடியாது என்பது இதன் லாபம்.

புதிய கணக்கில் ஒருமுறை நுழைந்து பில்லிங்கைத் திறந்து ஒரு சோதனை பில் அடித்துப் பாருங்கள். இங்கே வழக்கமாக வரும் கோளாறு பிரின்டர். பழைய கணக்கில் பில் அடிக்கும் தெர்மல் பிரின்டர் முதன்மையாக இருந்திருக்கும், புதிய கணக்கில் ஏ4 பிரின்டர் இருக்கும். செட்டிங்ஸில் பிரின்டர் பக்கத்தில், முதன்மை பிரின்டரை விண்டோஸே நிர்வகிக்கும் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, தெர்மலை நீங்களே தேர்ந்தெடுங்கள். அந்த அமைப்பு ஆனில் இருந்தால் கடைசியாக எதில் அச்சிட்டீர்களோ அதுவே முதன்மையாகிவிடும்.

தானாக லாகின் ஆக வைக்க, மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் உள்ள 'ஆட்டோலாகான்' என்ற சிறு கருவி போதும். அதை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். திறந்தால் பயனர் பெயர், டொமைன், பாஸ்வேர்டு கேட்கும். டொமைன் இடத்தில் கணினியின் பெயர் வரும். கொடுத்து 'எனேபிள்' அழுத்துங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பாஸ்வேர்டை நேராக எழுதச் சொல்லும் வழியும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் பாஸ்வேர்டு வெறும் எழுத்தாகக் கிடக்கும், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஆட்டோலாகான் அதை நேராகப் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்து வைக்கிறது.

இங்கே தடுக்கி விழுகிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் பாஸ்வேர்டு இடத்தில் பின் எண்ணைப் போடுவார்கள். கருவி வாங்கிக்கொள்ளும், ஆனால் அடுத்த லாகின் தோற்கும். இன்னொரு வகையினர் அட்மின் கணக்குக்குள் திரும்பப் போக வழி தெரியாமல் முழிப்பார்கள். கணினி எழும்போது ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்தால் தானாக லாகின் ஆகாமல் வழக்கமான திரை வரும். அல்லது உள்ளே போன பிறகு 'சைன் அவுட்' செய்யலாம்.

5. பில்லிங் யாரை நம்பி எழுகிறது?

டேட்டா அதே கணினியில் இருந்தால் இதில் பாதி வேலை இல்லை. பின்னணியில் ஓடி டேட்டாவைக் கையாளும் டேட்டாபேஸ் சர்வீஸை மட்டும் பாருங்கள். 'சர்வீசஸ்' திரையில் அதன் தொடக்க வகை 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்க வேண்டும். 'டிலேய்டு ஸ்டார்ட்' என்று இருந்தால் கணினி எழுந்து சற்று நேரம் கழித்துத்தான் டேட்டாபேஸ் எழும், அதற்குள் பில்லிங் திறந்து பிழை காட்டிவிடும்.

டேட்டா வேறு கணினியில் இருந்தால் கவனம் தேவை. மின்தடைக்குப் பிறகு "நேற்று வரை ஓடியது, இன்று கனெக்ட் ஆகவில்லை" என்ற புகாருக்கு நான் முதலில் பார்ப்பது டேட்டா இருக்கும் சர்வர் கணினியின் ஐபி எண், அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி. ரௌட்டரும் அணைந்து எழுந்தபோது சர்வருக்கு வேறு எண்ணைக் கொடுத்திருக்கும். பில்லிங் பழைய எண்ணையே தேடிக்கொண்டிருக்கும். ரௌட்டரின் அமைப்புக்குள் போய், சர்வருக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ஒதுக்கிவிடுங்கள். பில்லிங் தானாகத் திறப்பதோடு நேரடித் தொடர்பு இல்லாதது போலத் தோன்றும். ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போனால் பில்லிங் திறக்கும், பில் மட்டும் போட முடியாது.

அப்புறம் டிரைவ் எழுத்து. சர்வர் ஃபோல்டரை 'இசட்' டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பார்கள். கணினி எழுந்ததும் அந்த டிரைவில் சிவப்புக் குறுக்குக் கோடு விழுந்து, யாராவது ஒருமுறை திறந்து பார்த்த பிறகே உயிர் வரும். சாஃப்ட்வேர் அனுமதித்தால் டிரைவ் எழுத்தை விட்டுவிட்டு, இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியைக் கொடுங்கள்.

சர்வர் கணினிக்கும் மூன்றாவது படியைச் செய்ய வேண்டும். ரௌட்டர், ஃபைபர் மோடம், நெட்வொர்க் சுவிட்ச் மூன்றும் யுபிஎஸ்ஸில் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

6. ஸ்டார்ட்அப் ஃபோல்டர்: எளிய வழி

இப்போதுதான் ஷார்ட்கட்டின் முறை. பில்லிங் பயனராகவே லாகின் செய்துகொள்ளுங்கள். அட்மினாக இருந்து போட்டால் அது அட்மினின் ஃபோல்டரில் போய் விழும், கல்லாக் கணக்கில் ஒன்றும் திறக்காது.

விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆங்கிலத்தில் ஷெல், அதை ஒட்டி முக்காற்புள்ளி, அதை ஒட்டி ஸ்டார்ட்அப் என்று இடைவெளி விடாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு ஃபோல்டர் திறக்கும். டெஸ்க்டாப்பில் உள்ள பில்லிங் ஷார்ட்கட்டை நகலெடுத்து இங்கே ஒட்டுங்கள்.

ஷார்ட்கட்டைத்தான் ஒட்ட வேண்டும், சாஃப்ட்வேரின் அசல் ஃபைலை இல்லை. அசலைக் கொண்டுவந்து போட்டால் அது தன் அமைப்பு ஃபைல்களைப் பக்கத்தில் தேடும். அவை பழைய இடத்திலேயே இருப்பதால் பிழை காட்டும், சில சாஃப்ட்வேர்கள் காலியான புது டேட்டாவை உருவாக்கிவிடவும் கூடும். கணக்கெல்லாம் போய்விட்டது என்று கடைக்காரர் பதறுவார்.

உலாவியில் ஓடும் பில்லிங் என்றால் எட்ஜில் அந்தப் பக்கத்தைத் திறந்து, மெனுவில் ஆப் ஆக இன்ஸ்டால் செய்யுங்கள். லாகின் ஆனதும் தானாகத் தொடங்கவா என்று அதுவே கேட்கும்.

ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். திறந்து, டேட்டாவும் வந்துவிட்டதா? அப்படியானால் ஏழாவது படி உங்களுக்குத் தேவையில்லை. திறக்கவே இல்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பட்டியலைப் பாருங்கள். கணினி வேகமாக வேண்டும் என்று யாராவது எல்லாவற்றையும் 'டிஸேபிள்' செய்து வைத்திருக்கலாம்.

7. டாஸ்க் ஷெட்யூலர்: தாமதம் தேவைப்படும்போது

கணினி ரௌட்டரை முந்திக்கொண்டு எழுந்துவிடுகிறது, பில்லிங் திறந்ததும் பிழை காட்டுகிறது என்றால், சாஃப்ட்வேரைச் சற்றுத் தாமதித்துத் திறக்க வைக்கும் இந்த வழி. முதலில் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் போட்ட ஷார்ட்கட்டை எடுத்துவிடுங்கள். இரண்டும் இருந்தால் பில்லிங் இரண்டு முறை திறக்கும். ஒன்று ஃபைலைப் பிடித்துக்கொள்ள, மற்றது திறக்க முடியாமல் நிற்கும்.

ஸ்டார்ட் மெனுவில் டாஸ்க் ஷெட்யூலரைத் தேடி, அட்மினாகத் திறந்து, 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். மேலே உள்ள 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதில் தாமதம் வைக்க வழி இல்லை.

'ஜெனரல்' பக்கத்தில் பில்லிங் பயனரைத் தேர்ந்தெடுத்து, பயனர் லாகின் ஆகியிருக்கும்போது மட்டும் ஓடும் என்ற தேர்வை வையுங்கள். லாகின் ஆனாலும் ஆகாவிட்டாலும் ஓடும் என்ற மற்றதைத் தேர்ந்தெடுத்தால் பில்லிங் கண்ணுக்குத் தெரியாத பின்னணியில் ஓடும். டாஸ்க் மேனேஜரில் பெயர் இருக்கும், திரையில் ஜன்னல் இருக்காது.

'டிரிக்கர்ஸ்' பக்கத்தில் 'அட் லாக் ஆன்'. அதிலேயே கீழே தாமதம் வைக்கும் பெட்டி உண்டு. ஒரு நிமிடத்தில் தொடங்குங்கள். போதவில்லை என்றால் ஏற்றுங்கள். மெயினை அணைத்துப் போட்ட பிறகு ரௌட்டர் விளக்குகள் நிலைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் உங்கள் கடைக்கான அளவு தெரிந்துவிடும்.

'ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் சாஃப்ட்வேர் ஃபைலைக் காட்டுங்கள். கீழே 'ஸ்டார்ட் இன்' என்ற பெட்டியைக் காலியாக விடாமல், அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் முகவரியை மேற்கோள் குறி இல்லாமல் எழுதுங்கள். இதை விட்டால் அசல் ஃபைலை இடம் மாற்றினால் வரும் அதே பிழை இங்கேயும் வரும்.

'கண்டிஷன்ஸ்' பக்கத்தில், நேரடி மின்சாரத்தில் இருந்தால் மட்டும் தொடங்கு என்று ஒரு டிக் முன்கூட்டியே இருக்கும். எடுத்துவிடுங்கள். மடிக்கணினிக்கு மட்டுமானது என்று நினைக்க வேண்டாம்: யுஎஸ்பி வயரில் இணைத்த யுபிஎஸ்ஸையும் விண்டோஸ் பேட்டரியாகவே பார்க்கும்.

'செட்டிங்ஸ்' பக்கத்தில் இன்னொரு பொறி. 3 நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்திவிடு என்று டிக் இருக்கும். இரவும் அணைக்காத கணினியில், மூன்று நாள் கழித்துப் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே சாஃப்ட்வேர் மூடிக்கொள்ளும். யாருக்கும் காரணம் புரியாது, வைரஸ் என்பார்கள். இந்த டிக்கையும் எடுங்கள்.

அட்மின் அனுமதி கேட்கும் சாஃப்ட்வேர் பற்றியும் சொல்ல வேண்டும். 'உச்ச அனுமதியோடு ஓடு' என்ற டிக் ஒன்று 'ஜெனரல்' பக்கத்தில் உண்டு. சாதாரணப் பயனருக்கு அது அட்மின் அதிகாரத்தைத் தந்துவிடாது. பல பழைய பில்லிங் சாஃப்ட்வேர்கள் அட்மின் கேட்பதற்குக் காரணம், தன் ஃபோல்டருக்குள்ளேயே எழுதப் பார்ப்பதுதான். அந்த ஒரு ஃபோல்டருக்கு மட்டும் பில்லிங் பயனருக்கு 'மாடிஃபை' அனுமதி கொடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராவிட்டால் சாஃப்ட்வேர் விற்றவரிடம் கேளுங்கள், கல்லாவை அட்மின் ஆக்கிவிடாதீர்கள்.

8. அப்டேட் குறுக்கே வராமல்

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று இருக்கும். அந்த நேரத்தில் அப்டேட்டுக்காகக் கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். கடை திறந்து மூடும் நேரம் அதற்குள் அடங்கிவிடும். 'சைன் இன் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில், திறந்திருந்த ஆப்களைத் தானாக மீண்டும் திறக்கும் அமைப்பை அணையுங்கள். அது எல்லா சாஃப்ட்வேருக்கும் வேலை செய்யாது, வேலை செய்தால் பில்லிங் இரண்டாகத் திறக்கும்.

9. சோதனை: ரீஸ்டார்ட் மட்டும் போதாது

ரீஸ்டார்ட்டும், ஷட்டவுன் செய்து மறுபடி ஆன் செய்வதும் ஒன்றல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுனின்போது விண்டோஸ் தன் ஒரு பகுதியை டிஸ்கில் சேமித்து வைத்து அதிலிருந்து எழும்; ரீஸ்டார்ட்டில் முழுக்கப் புதிதாக எழும். ஒன்றில் ஓடுவது மற்றதில் சொதப்பலாம், இரண்டையும் பாருங்கள்.

மூன்றாவது, உண்மையான மின்தடை. இயங்கும் விண்டோஸின் பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பயாஸ் திரைக்குள் போய் நில்லுங்கள். அங்கே டிஸ்கில் எதுவும் எழுதப்படுவதில்லை, ஆனால் கணினி ஆனில்தான் இருக்கிறது. அந்த நிலையில் யுபிஎஸ்ஸை அணைத்து, கடையின் மெயினையும் அணையுங்கள். ஒரு நிமிடம் கழித்து இரண்டையும் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். கணினிக்கு மட்டும் நிறுத்தி, ரௌட்டரை ஓடவிட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. அப்படிச் சோதித்தால் எப்போதும் தேறும், நிஜ மின்தடையில் தோற்கும். மெயினையே அணைக்கச் சொல்வது அதனால்தான்.

ஒரு பில் அடித்து, தேதியும் பில் எண்ணும் சரியா என்று பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

10. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்கு

உபுன்டுவில் 'ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ்' திறந்து சாஃப்ட்வேரைச் சேர்த்தால் போதும். மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், ஜெனரல், 'லாகின் ஐட்டம்ஸ்'. மேக்கில் டிஸ்கை என்கிரிப்ட் செய்யும் ஃபைல்வால்ட் ஆனில் இருந்தால் தானாக லாகின் ஆக வைக்க முடியாது. யுபிஎஸ், நெட்வொர்க் பற்றிச் சொன்னவை இவற்றுக்கும் அப்படியே பொருந்தும்.

11. கிளம்பும் முன்

கல்லாவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். நீண்ட மின்தடைக்குப் பின் யுபிஎஸ் பட்டனை அழுத்த வேண்டுமா, பில்லிங் திறக்க எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும், அட்மினாக நுழைய ஷிஃப்ட் கீ: இவ்வளவு போதும். காத்திருக்கும் நேரத்தை எழுதாமல் விட்டால், கல்லாவில் இருப்பவர் பொறுமை இழந்து ஐகானைத் தட்டி, இரண்டாவது பில்லிங்கைத் திறந்துவிடுவார். பாஸ்வேர்டுகளை மட்டும் அந்தத் தாளில் எழுதாமல், முதலாளியிடம் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.